படகுக் குசினியில் ஒரு பிரிட்ஜ்: ஆடம்பரமா, அவசியமா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆழ்கடலுக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய விடயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை தரம் 11 விஞ்ஞான பாடத்தில் மறை வெப்பம் படிப்பித்துக்கொண்டிருந்தோம். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு ஏறத்தாழ 334 கிலோயூல் வெப்பம் வேண்டும், அதனால்தான் படகில் மீனுக்கு ஐஸ் போடுகிறார்கள் என்று விளக்கினோம். பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பியது.

"சேர், இன்சுலின் மருந்த ஐஸுக்குள்ள வெச்சா பழுதாகுமா?"

பாடத்தில் இல்லாத கேள்வி. பாடம் முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டு விசாரித்தோம். அப்போதுதான் கதை வெளியே வந்தது.

அந்தப் பிள்ளையின் வாப்பா பலநாள் படகில் போகிறவர். சீனி வருத்தம். இரண்டு நேரமும் ஊசி. போட்டில் தெரிந்தால் ஏற்றமாட்டார்கள் என்ற பயத்தில் மருந்துக் குப்பிகளை சொப்பிங் பேக்கில் சுற்றி மீன் அறையில் ஐஸுக்குள் புதைத்து வைத்திருக்கிறார். அது உறைந்துவிட்டது. பிறகு உருகியதும் பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியே இருந்திருக்கிறது. அதையே நாளாந்தம் ஏற்றியிருக்கிறார். 13ஆம் நாள் கண் மங்கி, சத்தியெடுத்து, எழும்ப முடியாமல் கிடந்தார். தண்டையல் நல்ல மனிதர். பாதி மீனோடு படகைத் திருப்பிவிட்டார். உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது அவரை எந்தப் படகும் ஏற்றுவதில்லை. பிள்ளை சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தப் போவதாகச் சொல்கிறது. கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்கிற பிள்ளை.

அந்தக் கேள்விக்கு வகுப்பறையில் மட்டும் பதில் சொன்னால் போதாது என்று எங்களுக்குத் தோன்றியது. விஞ்ஞான ஆசிரியர்கள் மூவர் ஒரு சனிக்கிழமை வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் போனோம். பழைய பலநாள் படகொன்றுக்குள் இறங்கிப் பார்த்தோம்.

குசினி என்று சொல்வது, இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வெளியே நிற்க வேண்டிய ஒரு மூலை. ஒரு கேஸ் அடுப்பு, கயிற்றால் கட்டிய சட்டி பானை, ஒரு ரெஜிபோம் பெட்டி. பக்கத்தில் என்ஜின் அறைச் சூடு. முதல் வாரம் மரக்கறி இருக்கும். பிறகு பருப்பு, கிழங்கு, வெங்காயம், அன்றன்றைக்குப் பிடிக்கிற மீன். ஐந்தாறு பேர் மூன்று கிழமைக்கு மேல் வாழ்கிற வீடு இது. நம்மில் யாருடைய வீட்டிலாவது மூன்று நாள் பிரிட்ஜ் வேலை செய்யாவிட்டால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கதையை எடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான்: "சேர்மாரே, டொன் கணக்குல ஐஸ் கிடக்கு. பிரிட்ஜ் எதுக்கு?"

நியாயமான கேள்வி போலத் தெரியும். ஆனால் ஐஸ் ஆலையிலிருந்து புதிதாக வரும் கட்டி பூச்சியத்துக்கும் கீழான குளிரில் இருக்கும். இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். உறைந்தால் அது கழிவு. உருகினாலும் திரும்பச் சரிவராது. சூடும் ஆகாது. பாவிக்கத் தொடங்கிய குப்பியை 25, 30 பாகைக்கு மேற்போகாத இடத்தில் ஏறத்தாழ 4 கிழமை வைக்கலாம் என்பது பெரும்பாலான வகைகளுக்குப் பொருந்தும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் என்ஜினுக்குப் பக்கத்து கெபினில் 30 பாகை எங்கே நிற்கும்? ஆக, மீன் அறை கூடிய குளிர், கெபின் கூடிய சூடு. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் அந்தப் படகில் இல்லவே இல்லை. சாப்பாட்டையும் மீன் இரத்தத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வைப்பது சுத்தமில்லை.

இன்னொரு பதில்: "எங்கட மூத்தாப்பாமார் பிரிட்ஜோடயா கடலுக்குப் போனாங்க?"

இல்லைதான். அவர்கள் பாய் விரித்து தரைக்காற்றில் போய், கடற்காற்றில் அன்றைக்கே திரும்பினார்கள். இராச் சாப்பாடு வீட்டில். இன்றைக்கு மீன் தூரமாகிவிட்டது. பயணம் நீண்டுவிட்டது. பயணத்தை நீட்டியவர்கள் குசினியை மட்டும் அன்றிருந்த மாதிரியே விட்டுவிட்டோம்.

சரி, ஒரு பிரிட்ஜை வாங்கி வைத்தால் முடிந்ததா? இல்லை. பிழையாக வைத்தால் அது உயிருக்கே ஆபத்து. நாங்கள் அறிந்துகொண்டதையும் கணக்குப் பார்த்ததையும் எளிமையாகச் சொல்கிறோம்.

1. முதலில் பெட்டி, பிறகுதான் இயந்திரம்.
பழைய படகுகளில் உள்ள பெட்டியின் சுவருக்குள் போம் ஈரமாகிப் போயிருக்கும். ஈரமான போம் வெப்பத்தைத் தடுக்காது. அதற்குள் எவ்வளவு நல்ல கம்பிரஷர் போட்டாலும் அது இரவு பகலாக ஓடி பெட்டரியைத் தின்னும். பழையதைக் கழற்றி 3, 4 அங்குலத்துக்குப் புதிய போம் அடித்து, தண்ணீர் புகாமல் பைபர் போட வேண்டும். கதவு மேல்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். குளிர்ந்த காற்று பாரமானது. முன்பக்கக் கதவைத் திறந்தால் தண்ணீர் மாதிரிக் கீழே கொட்டிப் போய்விடும். அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் அதற்கு மூடி போடுங்கள். குளிரும் அதே வழியால்தான் வெளியேறும்.

2. வீட்டு பிரிட்ஜ் வேண்டாம்.
கடையில் மலிவாகக் கிடைக்கிறது, இன்வர்ட்டர் போட்டு ஓட்டலாம் என்பார்கள். அது அசையாமல் நேராக நிற்பதற்குச் செய்த சாமான். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். இன்வர்ட்டரிலும் வீணாகும். உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 12 அல்லது 24 வோல்ட்டில் நேரடியாக ஓடுகிற, படகுக்கும் லொறிக்கும் என்று செய்த சிறிய கம்பிரஷர் பெட்டிதான் பொருத்தம். 40 லீற்றர் போதும்.

3. மின்சாரக் கணக்கு.
அப்படியான பெட்டி ஓடும்போது 12 வோல்ட்டில் 4 அம்பியர் அளவு எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் சூட்டில் நாளில் பாதி நேரம், அதாவது 12 மணித்தியாலம் ஓடும். 4 × 12 = 48 அம்பியர் மணி. 100 அம்பியர் மணி ஈய பெட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே அந்த பெட்டரி ஒரு நாளைக்குத்தான். கெபின் கூரையில் 200 வோற் சோலார் பெனல் போட்டால், நல்ல வெயில் 4 மணித்தியாலம் கிடைத்தாலே 800 வோற் மணி. தேவை 576. மப்பு நாட்களில் என்ஜின் ஓடும் நேரம் குறையை நிரப்பும்.

4. என்ஜின் பெட்டரியில் கை வைக்கவே வேண்டாம்.
இந்தப் பதிவில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வலையைப் போட்டுவிட்டு என்ஜினை நிறுத்திக் கிடக்கும் இரவில் பிரிட்ஜ் அந்த பெட்டரியை இறக்கிவிட்டால், காலையில் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ரேடியோவும் பேசாது. காற்று இழுத்த பக்கம் போய்ப் பல நாள் தத்தளித்த படகுகளின் கதை நம் கரைக்குப் புதிதல்ல. பிரிட்ஜுக்குத் தனி பெட்டரி, இரண்டையும் பிரிக்கும் சுவிட்ச், பெட்டரி இறங்கினால் தானாக நிற்கும் கட்-ஓஃப். மூன்றும் இல்லாவிட்டால் பிரிட்ஜே வேண்டாம்.

5. வயரும் இடமும்.
பெட்டரிக்கும் பெட்டிக்கும் இடையில் 5 மீற்றர் என்றால் போய்வர 10 மீற்றர் வயர். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். கம்பிரஷர் திணறும், வயர் சூடாகும். 6 சதுர மில்லிமீற்றரில் 0.12 வோல்ட்தான். பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். கம்பிரஷரைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும், என்ஜின் அறைச் சுவரோடு ஒட்ட வேண்டாம். சமையல் கேஸ் காற்றை விடப் பாரம் கூடியது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் தேங்கும். அங்கே ஒரு பொறி போதும். ஆகவே பெட்டரி, சுவிட்ச் எதையும் கேஸ் சிலிண்டருக்குக் கிட்ட வைக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்ய வெளிநாட்டிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. பைபர் வேலை தெரிந்த பாஸ்மார், வயரிங் படித்த தம்பிமார், ஏசி திருத்துகிற பிள்ளைகள் நம் ஊரிலேயே வேலை தேடிக்கொண்டு இருக்கிறார்கள்.

இனி, மனதில் உள்ள முக்கியமான கதைக்கு வருகிறோம். காசை யார் கட்டுவது?

நமக்குத் தெரிந்த வழமைப்படி, டீசல், ஐஸ், சாமான் என்று பயணச் செலவைக் கழித்த பிறகுதான் மிச்சம் படகுக்கும் ஆட்களுக்கும் பங்காகிறது. பிரிட்ஜைப் பயணச் செலவில் போட்டால், கூலிக்குப் போகிறவன் தன் பங்கிலிருந்து முதலாளியின் படகுக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தது மாதிரி. அவன் அடுத்த பயணம் வேறு படகில் போவான். பிரிட்ஜ் படகிலேயே இருக்கும். இது நீதியில்லை. என்ஜின் யாருடைய செலவோ, உயிர்காப்பு அங்கி யாருடைய செலவோ, பிரிட்ஜும் அவருடைய செலவுதான்.

படகு முதலாளிமாரின் கஷ்டம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. டீசல் விலை ஏறியதிலிருந்து பலர் கடனில்தான் படகு ஓட்டுகிறார்கள். அவர்களையும் நாங்கள் சகோதரர்களாகவே கேட்கிறோம். பாதியில் திரும்பிய அந்த ஒரு பயணத்தின் டீசலையும் ஐஸையும் பிடிக்காமல் விட்ட மீனையும் கணக்குப் பாருங்கள். ஒரு சின்னப் பெட்டியும் ஒரு பெட்டரியும் ஒரு பெனலும் அதை விடவா பெரிது? உடனே முடியாதவர்களுக்குப் பள்ளிவாசலும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து வட்டியில்லாக் கடன் கொடுத்து, பயணத்துக்குப் பயணம் கொஞ்சம் கொஞ்சமாக அறவிடலாம். முதலில் இரண்டு படகில் செய்து பார்ப்போம். ஒரு பருவம் போகட்டும். குறைநிறைகளைப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

அதுவரைக்கும் குறைந்தது இதையாவது செய்யுங்கள். மருந்துக்கென்று தனிச் சின்னப் பெட்டி, அதற்குள் மூடி இறுக்கமான போத்தல். ஐஸ் மருந்தில் நேரே படக்கூடாது, நடுவில் தடித்த துணி. உறைந்ததைத் தயங்காமல் வீசுங்கள். மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில் வையுங்கள். போவதற்கு முன்பு கிளினிக்கில் எத்தனை நாள் பயணம் என்பதைச் சொல்லுங்கள். தண்டையலிடம் வருத்தத்தை மறைக்காதீர்கள். தண்டையல்மாரே, மறைக்காமல் சொல்கிறவனை இறக்கிவிடாதீர்கள். இறக்கிவிடுவீர்கள் என்ற பயம்தான் மருந்தை ஐஸுக்குள் புதைக்க வைத்தது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அடுத்த நாளே வகுப்பில் பதில் சொன்னோம்: "ஓம் மகள், பழுதாகும்." எல்லாப் பிள்ளைகளும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை மட்டும் எழுதவில்லை. அதற்கு அந்தப் பதில் முன்னமே தெரியும்.

படகு வைத்திருக்கும் உறவுகள், சங்கத் தலைவர்கள், கடலுக்குப் போய்வந்த காக்காமார் எல்லோரும் கருத்துச் சொல்லுங்கள். எங்கள் கணக்கில் பிழை இருந்தால் திருத்துங்கள். முதல் படகைத் தர யார் முன்வந்தாலும், வேலை நடக்கும் நாளில் நாங்கள் மூவரும் பிள்ளைகளோடு வந்து நிற்போம், இன்ஷா அல்லாஹ்.