இதுல நான் எங்க தம்பி இருக்கேன்?

உங்க ஹாஸ்டலிலும் நிச்சயம் ஒருத்தன் இருப்பான். கழுத்தில் கேமரா, கண்ணில் கனவு, பர்ஸில் பத்து ரூபாய். எங்க ஹாஸ்டலில் அந்த ஒருத்தன் நான்தான். இத்தனைக்கும் கழுத்தில் தொங்கிய கேமரா ரூம்மேட்டோடது!

ஊர், திருவேட்டக்குடி. அட்ரஸ் எழுதினா புதுச்சேரின்னு வரும், ஆனா பஸ் ஏறினா கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துடும். அப்படி ஒரு காரைக்கால் கணக்கு! அர்ச்சுனனைச் சோதிக்க சிவன் வேடனா வந்த கதையைச் சொல்லும் கோயில், சம்பந்தர் பாடின தலம். 2010-ல் தொடங்கின என்.ஐ.டி. புதுச்சேரியோட கேம்பஸும் இங்கேதான். கிழக்கே கொஞ்சம் நடந்தா வங்கக் கடல். படம் எடுக்கிறவனுக்கு வேற என்ன வேணும்?

எனக்குப் பிடிச்ச படங்களில் ஒண்ணு, மாசி மகத்தன்று எடுத்தது. சாமி கடலாட வந்த நேரம். கூட்டம் மொத்தமும் சாமியைப் பார்க்க, அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பொண்ணு மட்டும் என் கேமராவையே முறைச்சுப் பார்க்குது. அந்த முறைப்புக்கே நூறு மார்க்!

இன்னொண்ணு, ரொம்ப நாளா என் ‘மாஸ்டர்பீஸ்’. நம்ம கரையில் சூரியன் கடலிலிருந்து கிளம்பி வருமில்லையா? அதனால காலையில் கடலுக்கு முன்னால் யாரை நிறுத்தினாலும் கன்னங்கரேல்னு நிழலா விழுவாங்க. அப்படித்தான் ஒரு ஆயாவை எடுத்தேன். பின்னாடி ஆரஞ்சு வானம், தலையில் மீன் கூடை, ஓரத்தில் கரையேறும் ஃபைபர் படகு. இன்ஸ்டாகிராமில் லைக்ஸ் பிச்சுக்கிச்சு!

பெருமை தாங்காம ஆயாகிட்டேயே போய்க் காட்டினேன். ஸ்க்ரீனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வெச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க...

“இதுல நான் எங்க தம்பி இருக்கேன்?”

அவ்வளவுதான், என் மாஸ்டர்பீஸ் அந்த இடத்திலேயே கவுந்துடுச்சு.

ஆயா விடலை. “சுனாமி வந்தப்போ கேமராவும் கையுமா எத்தனையோ பேர் வந்தாங்க. புடிச்சாங்க, போனாங்க. என் ஊட்ல இருந்த படமெல்லாம் தண்ணி கொண்டுபோயிடுச்சு. அவரு மூஞ்சிகூட இப்ப படத்துல இல்ல. நாளைக்கு நான் போய்ட்டா மாலை போடுறதுக்காவது ஒரு படம் வேணும்ல?”

2004 டிசம்பர் 26. அந்த சுனாமிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. எனக்கு அது பாடப் புத்தகத்தில் வர்ற ஒரு தேதி. ஆயாவுக்கு அது வீட்டுச் சுவரில் வெறும் ஆணி.

மறுநாள் மதியம் போனேன். ரூம்மேட் ஊருக்குப் போயிட்டான், கேமராவும் கூடவே போயிடுச்சு. கையில் என் பழைய செல்போன்தான். உச்சி வெயிலில் நிறுத்தினா கண்ணுக்குக் கீழே நிழல் குழி விழும். அதனால ஆயாவை வாசல்படிக்கு உள்பக்கம், வெளியே பார்த்த மாதிரி உட்கார வெச்சேன். தெரு வெளிச்சம் முகம் முழுக்க ஒரே சீரா பரவிச்சு. பின்னால் வீடு இருட்டு. அப்பளம் பொரிக்கிற நேரத்தில் வேலை முடிஞ்சுது!

இனி கொஞ்சம் இன்ஜினீயரிங், கொட்டாவி விடாதீங்க. 4×6 இன்ச் பிரின்ட்டுக்கு ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி வேணும்னு வெச்சுக்குங்க. 1,200×1,800, அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம் பிக்ஸல். 12 மெகாபிக்ஸல் செல்போன் தருவது சுமார் 120 லட்சம். தேவையைப் போல அஞ்சு மடங்குக்கும் மேலே! 1975-ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் செஞ்ச டிஜிட்டல் கேமராவுக்கு இருந்தது வெறும் 10,000 பிக்ஸல். ஒரு படம் பதியவே 23 விநாடி ஆச்சு.

அப்போ பெரிய கேமராவே வேண்டாமா? யார் சொன்னது! வாலிபால் மேட்ச், பறக்கிற நாரை, ராத்திரி கல்ச்சுரல்ஸ்... இங்கெல்லாம் செல்போன் திணறும். அப்படி வாங்குறதா இருந்தா செகண்ட்ஹேண்டில் ஒரு சாதா பாடி, அதோடு 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு போதும். கடலோர ஊர்க்காரங்க வீட்டுக்கு வந்ததும் உப்பைத் துடைச்சு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு டப்பாவில் மூடி வைங்க.

ஆனா எதை எடுக்கப் போறோம்னு முடிவு பண்ணின பிறகுதான் எதால் எடுக்கணும்கிற கேள்வியே வருது. நம்ம ஊர் மா.கிருஷ்ணன் (1912-1996) ஞாபகம் இருக்கா? ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதின அ.மாதவையாவின் மகன், காட்டுயிர் எழுத்தாளர், 1970-ல் பத்மஸ்ரீ. பாடி ஒரு கம்பெனி, லென்ஸ் வேற கம்பெனின்னு சேர்த்துக் கட்டின கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு செல்லப் பேர் வெச்சிருந்தார். அதிலே கறுப்பு-வெள்ளை ஃபிலிம். முதுமலையில் பழக்கின யானை மேலே ஏறி உட்கார்ந்து காட்டு யானைகளைப் படம் எடுத்தார். மனுஷனோட ஜூம் லென்ஸே ஒரு யானைதான் பாஸ்!

சரி, ஆயா படம் என்னாச்சு? காரைக்காலில் ஒரு ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டேன். (வாட்ஸ்அப்பில் போட்டோவா அனுப்பாதீங்க, சுருங்கிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க.) கொண்டுபோய்க் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் துடைச்சுட்டுப் பார்த்தாங்க.

“ம்... வயசாயிடுச்சு” என்றார்கள். சிரிப்பும் வந்தது. “மவளுக்கு ஒண்ணு போட்டுத் தாப்பா.”

அந்தப் படத்தை நான் எங்கேயும் போஸ்ட் பண்ணலை. லைக்ஸ், பூஜ்யம். ஆனா இன்னிக்கு எனக்குப் பிடிச்ச படம் எதுன்னு கேட்டா, அதைத்தான் சொல்வேன். கேமராவுக்குன்னு சேர்த்த காசில் பிரின்ட் செலவு கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு. ஏன்னா மறுவாரம் ஏலம் போடுற இடத்தில் ஒரு அண்ணன் கூப்பிட்டு, “ஏன் தம்பி, ஆயாவுக்கு மட்டும்தானா?” என்றார். இப்போ லிஸ்ட்டில் பதினோரு பேர்!

உங்க போனில் தூங்குற ஆயிரம் படங்களில் ஒண்ணே ஒண்ணு, அதில் இருக்கிறவங்க கைக்குப் போய்ச் சேரட்டுமே. மெஸ் அக்காவா, வாட்ச்மேன் தாத்தாவா... யாருக்குக் கொடுத்தீங்கன்னு எழுதுங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!