வரப்பும் தொல்லியலே

ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழி எழுத்துள்ள நடுகற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்தபோது தேனி மாவட்டம் பெருமைப்பட்டது. ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்கு நட்ட கல் அவற்றில் ஒன்று. அதில் வரும் கூடல் ஊர், கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர்தான் என்று கருதுவோர் உண்டு. எழுத்துள்ள கல்லுக்கு இப்படி மரியாதை கிடைத்துவிடுகிறது. எழுத்தில்லாத கல்லையும் வரப்பையும் யார் கேட்கிறார்கள்?

பெரியகுளத்துக்கு மேலே எழும் பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று சரிவைப் படிப்படியாக வெட்டி, வரப்பு கட்டி, பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டைத் தாங்கும் அடுக்கு வயலுக்கு ஒன்றும் இல்லை. இதே மலையின் கற்திட்டைகளைப் பற்றி ஆங்லாடு, நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-லேயே வெளியிட்டது. இங்குள்ள தாண்டிக்குடியில் பேராசிரியர் கா.ராஜன் அகழாய்வு நடத்தினார். செத்தவர்களுக்கு எழுப்பிய கல்லைத் தேடிப்போன நமக்கு, வாழ்ந்தவர்கள் திருத்திய நிலமும் தொல்லியல்தான் என்று தோன்றவில்லை.

அடுக்கு வயலின் வயதை அறிய வழி இருக்கிறது. மணலில் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று சொல்லும் காலக்கணிப்பு முறையைச் சிவகளை அகழாய்வில் மாநிலத் தொல்லியல் துறை ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறது. வரப்புக்கு அடியில் கிடக்கும் மண்ணுக்கும் அது பொருந்தும்.

வயலைச் சுற்றி வேலி போட்டு, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை நடச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அழிவுதான். உழவர் கை படுகிற வரைதான் வரப்பு நிற்கும். சரிந்ததை அடுத்த மழைக்குள் எடுத்துக் கட்டாவிட்டால் கீழ் அடுக்கும் சேர்ந்து போகும். பிலிப்பைன்சின் இஃபுகாவோ நெல் அடுக்குகள் 1995-ல் உலக மரபுச் சின்னமாயின. ஆறே ஆண்டில், 2001-ல், ஆபத்துப் பட்டியலுக்குப் போயின. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், கட்டுவதற்கு ஆள் இல்லை. பராமரிப்புக்கு வழி செய்து அந்தப் பட்டியலிலிருந்து மீள 2012 ஆயிற்று. பட்டம் மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே நாம் கேட்பது கூலி. ஊரக வேலைத் திட்டத்தில் வரப்புக் கட்டும் பணியைச் சேர்த்து, மலைச் சிறு விவசாயிக்கு ஆண்டுதோறும் அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும். அடுக்கு வயலை இடித்து விடுதி கட்ட வரும் பொக்லைனுக்கு அனுமதி கூடாது. அடுக்கு வயல்களைக் கணக்கெடுக்கவும் வேண்டும், அந்தக் கணக்கெடுப்பு பூம்பாறையோடு நின்றுவிடக் கூடாது. போடிக்கு மேலே குரங்கணி, கொட்டக்குடி சரிவுகளுக்கும் வர வேண்டும். அங்கே பெய்யும் மழைதான் கொட்டக்குடி ஆறாகி வைகை அணைக்கு வருகிறது, கரைத்த மண்ணையும் சுமந்துகொண்டு. 71 அடி அணையில் வண்டல் சேர்ந்துவிட்டது என்று தூர்வாருவதைப் பற்றி ஒவ்வோர் ஆட்சியும் பேசுகிறது. தூர்வாரும் பணத்தில் ஒரு பங்கை மண் புறப்படும் இடத்திலேயே செலவிடட்டும்.