கற்றது கணக்கில் வரவேண்டும்

வெளிநாட்டுப் படிப்பு என்றவுடன் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "பணத்துக்கு எங்கே போவது?" என்பதுதான். நியாயமான கேள்வியே. ஆனால் கேட்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. கற்றுத் திரும்பிய பின், அந்தப் படிப்பை இங்கே யார் ஏற்பார்கள்?

இத்தாலி நாட்டு மாணவி சோபியா கொராதிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ரோமில் சட்டம் பயின்ற அவர், புல்பிரைட் உதவித்தொகை பெற்று நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக் கழகத்தில் முதுநிலைப் பட்டத்துடன் 1958-இல் திரும்பினார். அவருடைய பழைய பல்கலைக் கழகமோ அதைக் கணக்கில் கொள்ள மறுத்தது. ஊர் சுற்றிவிட்டு வந்தவரைப் போல, அலுவலகத்தில் பலர் முன்னிலையில் ஏளனம் வேறு! விட்ட பாடங்களை மீண்டும் படித்தே அவர் இத்தாலியப் பட்டம் பெற்றார்.

அவர் அத்துடன் அடங்கவில்லை. 1969 முதல் பல்கலைக் கழகத் தலைவர்களிடமும் அரசினரிடமும் ஒரே கோரிக்கையை வைத்தார். வேற்று நாட்டில் தேறிய பாடம் சொந்தக் கல்லூரியிலும் தேறியதாகவே கொள்ளப்படவேண்டும். 1987-இல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர் சென்றனர். இதுவரை பயனடைந்தோர் ஒரு கோடிக்கும் மேல்.

இதில் எங்களைக் கவர்ந்தது அதன் எளிமை. சென்ற இடத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. எந்தெந்தப் பாடம் கணக்கில் சேரும் என்பதை மாணவியும் இரு கல்லூரிகளும் புறப்படுமுன்பே எழுத்தில் ஒப்புக்கொள்கின்றனர்.

நம் நாடும் சும்மா இருந்துவிடவில்லை. பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் பட்டத்தை ஏற்க 2022-இல் உடன்பாடு செய்தது. படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டில் முடிக்க, பல்கலைக் கழக மானியக் குழு அதே ஆண்டு விதி வகுத்தது. ஆனால் அந்த விதி உயர்ந்த மதிப்பீடு பெற்ற நிறுவனங்களுக்கே. சிற்றூர்ப் பெண்கள் கல்லூரியில் சேரப்போகும் எங்களில் பலருக்கு அதனால் என்ன பயன்? அவற்றுக்கும் அந்த வாய்ப்பைத் திறந்துவிடுங்கள் என்று அரசை வேண்டுகிறோம்.

பெற்றோரின் தயக்கமும் எங்களுக்குத் தெரியாததல்ல. மகளை முழுப் படிப்புக்கும் கடல் கடந்து அனுப்ப அஞ்சுகிறவர்கள்கூட, சொந்தக் கல்லூரியின் பொறுப்பில் ஐந்து மாதம் என்றால் யோசிக்கவாவது செய்வார்கள். நிலத்தை அடகு வைக்கவும் வேண்டியிராது.

நாம் போனால் அங்கிருந்தும் ஒருத்தி வருவாள். அவளுக்கு விடுதியில் இடமும், அலைச்சலின்றி விசாவும் கிடைக்க அரசும் கல்லூரியும் வழிசெய்யட்டும். ரசம் காரமாயிருக்கிறது என்று அவள் சொன்னால், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.