அந்த ஞாயிறு இரவு நாங்கள் கடற்கரைக்குப் போகவில்லை

2019 ஆகஸ்ட் 18, ஞாயிறு இரவு. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் அலைகள் நீலமாக எரிந்தன. உடையும் ஒவ்வொரு அலையும் விளிம்பில் ஒளிர்ந்து அணைந்தது. சென்னையே வண்டியெடுத்துக்கொண்டு கரைக்கு வந்தது. அந்தக் கடலுக்குப் பத்து நிமிட நடையில் இருக்கும் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை பாடம் எடுக்கும் நாங்கள் நான்கு பேரும் போகவில்லை.

காரணம் இருந்தது. அந்தக் கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டு, ஆகஸ்டிலும் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தோம். மாமியாருக்கு மாத்திரை, மறுநாள் சாப்பாட்டுக்குக் காய் நறுக்குவது, திருத்தாத வளரறி மதிப்பீட்டுத் தாள்கள், அரசின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள். எட்டாம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் வந்த ஆண்டும் அதுதான். பாடக்குறிப்பு முழுவதையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. டி.வி.யில் செய்தி ஓடியபோது என் மகன், "அம்மா, போலாமா? வண்டியில போனா அஞ்சு நிமிஷம்தானே" என்றான். நான் தாளிலிருந்து தலை நிமிராமல், "நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். மறுநாள் மற்ற மூவரும் தத்தம் வீட்டில் நடந்ததாகச் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான்.

திங்கட்கிழமை முதல் பீரியடில் ஊரூர் மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். "மிஸ், நேத்து ராத்திரி தண்ணி நீலமா எரிஞ்சிது. நான் கையில அள்ளிப் பாத்தேன். சுடவே இல்ல. ஏன் மிஸ் சுடல?"

அவன் பார்த்திருந்தான், கேள்வி எழுந்ததும் தொட்டுச் சோதித்திருந்தான், விடை கிடைக்காததால் ஆசிரியரிடம் வந்திருந்தான். அறிவியல் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது இதைத்தான். "பாடம் நிறைய இருக்கு, உக்காரு" என்று சொன்னேன்.

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. அந்த ஒளிக்குக் காரணம் நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரி. கடுகைவிடச் சிறியது; கோடிக்கணக்கில் பெருகிக் கிடக்கும்போது அலை மோதிக் கலக்கினால் ஒளிரும். அதன் உடலில் லூசிஃபெரின் என்ற வேதிப்பொருள் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது ஒளி வருகிறது, வெப்பம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால்தான் சுடவில்லை. மூன்று நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அந்த மூன்று நிமிடத்தைத்தான் நான் தரவில்லை.

வீட்டையும் வகுப்பையும் தராசின் இரு தட்டுகளாகவே நாங்கள் நினைத்துவந்தோம். ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதில் குறையும் என்று பயந்து, இரண்டிலும் பிடித்துப் பிடித்து வைத்தோம். ஆனால் அன்று என் மகன் கேட்டதும் அந்தப் பையன் கேட்டதும் ஒன்றுதான். அரைமணி நேரம் கரையில் நின்றிருந்தால் இருவருக்கும் போதுமாக இருந்திருக்கும். வேலைப்பளு பொய்யில்லை, எங்கள் தோளே அதற்குச் சாட்சி. இருந்தாலும் அந்த அரைமணி நேரத்தைப் பளு பறித்துக்கொண்டது என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இது ஒருநாள் தவறும் இல்லை. நிலக்காற்று, கடல்காற்று பாடத்தைக் கடலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு அம்புக்குறி போட்டு நடத்தியிருக்கிறோம். "பகலில் கடலிலிருந்து வீசுவது எது?" என்ற கேள்விக்குக் குப்பத்துப் பெண் ஒருத்தி 'கொண்டல்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டோம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், வடக்கிலிருந்து வாடை என்று அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடலில் தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கும் வன்னி, தெண்டி என்று அங்கே தனிப்பெயர்கள் உண்டு. குப்பத்து மூத்த மீனவர் எஸ். பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் கவனித்துக் குறிப்பு வைத்தவர். அவரை ஒரு பீரியடுக்குப் பள்ளிக்கு அழைத்து உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

'கொண்டல்' என்று எழுதிய அந்தப் பெண் முதல் பீரியடில் தூங்கி விழுவாள். திட்டியிருக்கிறோம். அவள் அம்மா விடியுமுன் மீன் எடுக்கக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுவார் என்பதும், தம்பிகளை எழுப்பிச் சோறாக்கி வைத்துவிட்டு வருபவள் இவள்தான் என்பதும் எங்களுக்கு மிகத் தாமதமாகத் தெரிந்தது. வீட்டு வேலையையும் பள்ளியையும் சேர்த்துச் சுமப்பது நாங்கள்தான் என்று நினைத்திருந்தோம். பதின்மூன்று வயதில் அவளும் அதையேதான் சுமந்துகொண்டிருந்தாள்.

பள்ளியிலிருந்து நடந்தே போகக்கூடிய இடங்கள் எத்தனை! 1967இல் கட்டி 1977இல் இடிந்துபோன அடையாற்று முகத்துவாரப் பாலம் இருக்கிறது; அதை வைத்துத் தண்ணீரின் விசையைப் பற்றி ஒரு மாதம் பாடம் நடத்தலாம். ஜனவரியில் பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வருகின்றன. 1988 முதல் கல்லூரி மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காக்கிறார்கள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது என்பதை, அதே மணலில் விளையாடும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்னதில்லை. 1894இல் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கிய ஒல்காட்டின் பெயரைத்தான் ஊரூரை ஒட்டிய ஒல்காட் குப்பம் தாங்கியிருக்கிறது. 1939இல் மரியா மாண்டிசோரி வந்து, குழந்தையைக் கவனிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் இதே அடையாறில். இரண்டு பெயர்களையும் பி.எட். தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு விட்டுவிட்டோம். 2015இல் ஊரூர் ஒல்காட் குப்பம் விழா தொடங்கியபோது எங்களில் சிலர் கச்சேரி கேட்கப் போனோம். எங்கள் மாணவர்கள் வாழும் தெருக்களுக்குள் நாங்கள் நுழைந்தது அப்போதுதான்.

அந்த ஆகஸ்டுக்கு அடுத்த மாதம், எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பு வந்தது. பிப்ரவரியில் அது கைவிடப்படும்வரை கேள்வி-பதிலைத் தவிர வேறெதையும் நாங்கள் பிள்ளைகளிடம் பேசவில்லை. மார்ச்சில் கொரோனா. பள்ளி மூடியது, எல்லோரும் தேர்ச்சி என்றார்கள். 'ஏன் சுடல?' என்று கேட்டவன் பதில் கிடைக்காமலே எட்டாவதை முடித்தான்.

சில ஆண்டுகள் கழித்து, போன மாசியில்தான் நான் அவனைத் தேடிப் போனேன். ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். நாக்டிலூகாவைப் பற்றியும், அந்த வெளிச்சம் ஏன் சுடுவதில்லை என்பதையும் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டான். "அந்த மாதிரி ராத்திரில வலை போட்டா வலையே எரியும் மிஸ். மீனுக்குத் தெரிஞ்சிரும், ஒதுங்கிடும்" என்றான். எனக்கு அது புதிது.

அலை எரிந்த அன்றிரவு என் மகனும் கேட்டான், நான் கூட்டிக்கொண்டு வரவில்லை என்றேன்.

இப்போது வலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "இட்டாந்திருக்கலாமே மிஸ். எங்க ஊட்டுக்கு எதிர்லதான எரிஞ்சிது."