மைனஸ் 15 என்று எழுதியிருந்தால் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிக்கொண்டிருந்த நேரத்தில் அக்காள் மகன் வந்து நின்றான். கையில் கைப்பேசி.

"மாமா, இந்த ஸ்லீப்பிங் பேக்கைப் பாருங்க. மைனஸ் 15 டிகிரி வரைக்கும் தாங்குமாம். 129 வெள்ளிதான். வாங்கிடட்டுமா?"

அக்டோபர் கடைசியில் நண்பர்கள் மூன்று பேரோடு நேப்பாளம் போகிறான். லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய 130 கிலோமீட்டர் நடை. குனோங் லேடாங்கை நான்கு முறை ஏறி இறங்கிய தைரியம் அவனுக்கு. கால்களில் எனக்கும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அந்த 129 வெள்ளிப் பையின் மீதுதான்.

"வாங்காதே, முதலில் உட்கார்" என்றேன்.

பதினொரு வருடங்களுக்கு முன்னால் இதே தவற்றைச் செய்தவன் நான். அன்னபூர்ணா அடிவார முகாமுக்குப் போனேன். 4,130 மீட்டர் உயரம். இரவில் மைனஸ் ஐந்து வரை குளிர் இறங்கும் என்றார்கள். என் பையின் உறையில் கொட்டை எழுத்தில் 'மைனஸ் 5' என்று இருந்தது. கணக்கு சரிதானே என்று நிம்மதியாகப் படுத்தேன்.

இரவு இரண்டு மணிக்குப் பற்கள் தாமாக அடித்துக்கொண்டன. கொண்டுபோன சட்டைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. பாதம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த நண்பர்தான் சத்தம் கேட்டு எழுந்தார். விடுதிக்காரரிடம் இரண்டு கம்பளி வாங்கி, என் தண்ணீர்ப் புட்டியில் சுடுநீர் ஊற்றி வயிற்றோடு அணைத்துக்கொள்ளக் கொடுத்தார். காலையில் எங்கள் வழிகாட்டி சொன்னார்: "நடுங்கினாயே, அது நல்லது. நடுங்கிக்கொண்டிருந்தவன் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும்." உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது உயிராபத்து என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வீடு திரும்பிப் பையைப் புரட்டினால், உள்பக்கத் தையலோரம் ஒரு சின்ன லேபல். சுகம் 10, எல்லை 6, உச்சம் மைனஸ் 5. உறையில் பெரிதாகப் போட்டது அந்தக் கடைசி எண்ணை மட்டுமே!

இந்த மூன்று எண்களும் என்ன? ஐரோப்பாவில் 2002இல் 'இஎன் 13537' என்ற தர அளவை வந்தது. இப்போது 'ஐஎஸ்ஓ 23537' என்கிறார்கள். சூடேற்றிய மனித உருவப் பொம்மை ஒன்றைப் பைக்குள் படுக்க வைத்து, குளிர் அறையில் வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். 'சுகம்' என்பது சராசரிப் பெண் ஒருவர் இயல்பாகப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். 'எல்லை' என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ இரவைத் தள்ளக்கூடிய குளிர். 'உச்சம்' தூங்குவதற்கான எண்ணே அல்ல. உயிர் பிழைத்துக் கிடக்கலாம் என்பதற்கான எண். அதனால் பெண் பிள்ளைகள் 'சுகம்' எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும். ஆண்களும் அதையே பார்த்தால் நல்லது. எந்த அளவையும் குறிப்பிடாமல் வெறும் மைனஸ் எண்ணை மட்டும் அச்சடித்த பை என்றால், அதை நம்பி மலையேற வேண்டாம்.

சரி, எவ்வளவு குளிர் இருக்கும்? நம் ஊரை வைத்தே கணக்குப் போடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஆயர் ஈத்தாமில் இரவு 24 டிகிரி என்று வையுங்கள். இவன் கடைசியாகத் தங்கப்போகும் கோரக் ஷெப் 5,164 மீட்டரில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய மைனஸ் 9.5 வருகிறது. இது தோராயக் கணக்குதான் என்றாலும், அக்டோபர் கடைசியில் அங்கே இரவு மைனஸ் பத்தை ஒட்டி இறங்குவது சாதாரணம். விடுதி அறைகளில் கணப்பு கிடையாது. ஆகவே 'சுகம்' எண்ணே மைனஸ் பத்தாக உள்ள பைதான் அவனுக்கு வேண்டும்.

அடுத்தது உள்ளே இருக்கும் பொருள். வாத்தின் மென்தூவி அடைத்த பை எடை குறைவு, சூடு அதிகம், சுருட்டினால் சிறிதாகிவிடும். நனைந்தால் மட்டும் அநேகமாகப் பயனில்லை. செயற்கை இழைப் பை கனமானது, பெரியது. ஆனால் ஈரத்திலும் ஓரளவு சூட்டைக் காக்கும், விலையும் மலிவு. தூவிப் பைகளில் 600, 800 என்று ஓர் எண் இருக்கும். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்பது அது. எண் கூடக் கூட, அதே சூட்டுக்கு எடை குறையும்.

"அப்போ நல்லது எவ்வளவு மாமா ஆகும்?" என்றான். ஆயிரம் வெள்ளியைத் தொடும், தாண்டவும் செய்யும் என்றதும் முகம் வாடிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

அதற்கும் வழி உண்டு. காட்மாண்டுவின் தாமேல் பகுதியில் இத்தகைய பைகளை நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் நிறைய இருக்கின்றன. வாழ்நாளில் ஒருமுறை போகிறவர்களுக்கு அதுவே புத்திசாலித்தனம். எடுக்கும்போது ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தூவி கட்டிகட்டியாக ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே விரிக்க மெல்லிய உள்ளுறை ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோனால் சுத்தத்துக்குச் சுத்தம், கொஞ்சம் கூடுதல் சூடும் கிடைக்கும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஜொகூர் ஈரக்காற்றில் தூவிப் பையை இறுகச் சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், தூவியும் உப்பாது. நன்றாகக் காயவைத்து அலமாரியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இன்னொன்று, பை சூட்டை உண்டாக்காது. உங்கள் உடம்பின் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எனவே பசியோடு படுக்காதீர்கள். காய்ந்த காலுறையோடு படுங்கள். முகத்தை உள்ளே இழுத்து மூச்சுவிட்டால் பை ஈரமாகும்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, "ஏன்டா, அங்கே போர்வை கொடுக்க மாட்டாங்களா?" என்றார். கொடுப்பார்கள், ஆனால் கூட்டம் அதிகமானால் ஆளுக்கு ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். "அப்ப எதுக்குடா அவன் போகணும்?" என்று அடுத்த கேள்வி.

அவருக்கு 1997ஐ நினைவுபடுத்தினேன். அந்த ஆண்டு மே 23ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாகக் கால்வைத்த மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாஸும், இருவருமே நம் தமிழ்ப் பிள்ளைகள். தோட்டத்து வீடுகளில் அன்று செய்தி கேட்டுக் கைதட்டியவர்களில் அம்மாவும் ஒருவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நல்ல பையா பார்த்து எடுத்துக்கச் சொல்லு" என்றார்.

மருமகன் அந்த 129 வெள்ளிப் பையைக் கைவிட்டான். அதே பணத்தில் உள்ளுறையும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் வாங்கப் போகிறான். பையைத் தாமேலில் வாடகைக்கு எடுப்பான்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் மலைக்குக் கிளம்புகிறதா? மூட்டை கட்டுவதற்குள் அந்தப் பையை ஒருமுறை உள்பக்கமாகத் திருப்பி, சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிடுங்கள்.