30 லிட்டரும் ஒரு புல்தரையும்

சிங்கப்பூரில் 18 வயது நிறைந்த எவரும் தன் வீட்டில் பீர் தயாரிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை. விற்கக்கூடாது, அதை வடித்துச் சாராயம் ஆக்கக்கூடாது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. சூயிங்கம் விற்க முடியாத ஊரில் இதற்கு அனுமதியா என்று கேட்கிறார்கள். அனுமதி உண்டு. நான்கு வருடமாக நானும் நண்பர்களும் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

இதே ஊரில், சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை, லிட்டில் இந்தியாவின் தெருவிலோ திடலிலோ உட்கார்ந்து ஒரு கேன் பீர் குடிப்பது குற்றம். நான் பேச வந்தது பீரைப் பற்றி மட்டும் இல்லை. நண்பர்களோடு சும்மா உட்காரும் சந்தோஷத்தை நாம் யாருக்கு அனுமதிக்கிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பதைப் பற்றி. அதில் நம் உள்ளூர்த் தமிழர்களின் பங்கைப் பற்றியும், நம் எழுத்தின் பங்கைப் பற்றியும்.

முதலில் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் பெண்கள். பல்கலைக்கழக விடுதியில் பழக்கம். இப்போது ஆளுக்கொரு கம்பெனி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒருவருடைய வீவக வீட்டுச் சமையலறையில் கூடுவோம். மால்ட் என்றால் வேறொன்றுமில்லை, முளைகட்டிக் காயவைத்த பார்லி. நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைப்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. ஐந்து கிலோ மால்ட்டை உடைத்து 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். அந்தச் சாற்றை வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். சக்கையைத் தோழி ஒருத்தி வீட்டுக்கு எடுத்துப்போய் சப்பாத்தி மாவில் பிசைந்துவிடுவாள்.

பிறகுதான் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். கொதித்த சாற்றைச் சீக்கிரம் ஆறவைக்க வேண்டும். ஆனால் எங்கள் குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரி. வழக்கமான ஏல் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரிப் பக்கம் இருந்தால்தான் சரிப்படும். 30 டிகிரியில் விட்டால் பீர் பெயின்ட் தின்னர் மாதிரி நாறும். இதற்கு ஒன்று, வெப்பக் கட்டுப்பாடு போட்ட பழைய ஃபிரிட்ஜ் வேண்டும். இல்லையென்றால் குவைக் வேண்டும். நார்வே கிராமத்துப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட் அது. 30 முதல் 40 டிகிரி வரை ஜாலியாக வேலை செய்யும். அவ்வளவு குளிர் நாட்டில் வளர்ந்ததற்கு நம்ம ஊர் வெக்கை எப்படிப் பிடித்தது என்று எங்களுக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

நுரை அடங்கியதும் அடர்த்தி பார்ப்போம். 1.050இல் தொடங்கியது 1.010க்கு இறங்கினால் சுமார் 5 சதவீத ஆல்கஹால். பாட்டிலில் அளந்து கொஞ்சம் சர்க்கரை போட்டு மூடி, இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் பாட்டில் வெடிக்கும். 20 லிட்டருக்கு ஏறக்குறைய 60 பாட்டில் வரும், ஆளுக்குப் பன்னிரண்டு. இதில் குடிப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் பாத்திரம் கழுவுவதும், காத்திருப்பதும், வெட்டிப் பேச்சும்தான் அதிகம். அம்மாவுக்கு விஷயம் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாது.

மற்ற வாரங்களில் வெளியே கிளம்பிவிடுவோம். சாங்கியில் பம்போட் பிடித்து புலாவ் உபின். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு எடுப்பார்கள். நாங்கள் ஐவர் என்பதால் எப்போதும் ஏழு பேருக்காகக் காத்துக்கொண்டிருப்போம். நீண்ட விடுமுறை வந்தால் ஜொகூரிலுள்ள லேடாங் மலை, 1,276 மீட்டர். அங்கே பாட்டில் கிடையாது, உச்சியில் ஃபிளாஸ்க் காப்பிதான். ஒன்றும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. புல்லில் பாய் விரித்து, கடையில் வாங்கிய கேன்களை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, மாலை 4 மணிக்கு உட்கார்ந்தால் இருட்டும்வரை பேச்சு. நான்கு வருடத்தில் ஒருமுறைகூட யாரும் எங்களை என்ன ஏது என்று கேட்டதில்லை.

இதைத்தான் இப்போது 'எளிய இன்பம்' என்கிறார்கள். என் தலைமுறை எழுதும் பதிவுகளைப் பாருங்கள். மலையேற்றம், கூடாரம், கையால் செய்த ரொட்டி, கையால் செய்த பீர், போனை அணைத்துவைத்த ஒரு ஞாயிறு. ஏதோ துறவு மாதிரி எழுதுகிறார்கள். இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் எளிமை எங்கே இருக்கிறது? எங்கள் பீருக்கு ஒரு சமையலறை வேண்டும். மூன்று வாரம் யாரும் கை வைக்காத ஒரு மூலை வேண்டும். வேலையில்லாத சனிக்கிழமை வேண்டும். சட்டமே 'ஒரு குடும்பத்துக்கு 30 லிட்டர்' என்றுதான் பேசுகிறது. குடும்பம் என்றால் வீடு. வீடு இல்லாதவருக்கு அந்த 30 லிட்டர் வெறும் எண்.

என் சைட்டில் ஒரு சூப்பர்வைசர் அண்ணன் இருக்கிறார். திருவாரூர்ப் பக்கம். பதினொரு வருடமாக இங்கே. எங்கள் பீர் கதையைக் கேட்டுச் சிரித்தார். "நல்லா பண்ணுங்க சார்" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "எங்களுக்குப் பீருகூட வேணாம் சார். ரூமுல பன்னெண்டு பேரு. ஊர்க்காரப் பய ஒருத்தனோட ரெண்டு மணி நேரம் மனசுவிட்டுப் பேசணும்னா எங்க போறது சொல்லுங்க? தேக்காவுலதான் எங்க ஊர்ப் பசங்க எல்லாம் ஒரே மரத்தடிக்கு வருவானுங்க."

பன்னிரண்டு என்பது நெரிசலான பழைய விடுதியின் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2021இல் அறிவித்த மேம்பட்ட தரத்திலேயே புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு அதிகபட்சம் பன்னிரண்டு பேர்தான். அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தேக்கா வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, சாமி கும்பிட, மளிகை வாங்க, முக்கியமாக ஆளைப் பார்க்க. எங்களுக்கு ஈஸ்ட் கோஸ்ட் எதுவோ, அவர்களுக்கு அந்தப் புல்தரை அது. ஒரே கேன், ஒரே ஞாயிறு, ஒரே 4 மணி. பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு புல்தரைகள். ஒன்றில் அது வார இறுதி ஓய்வு, இன்னொன்றில் அது வழக்கு.

இது எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2013 டிசம்பர் 8. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு பஸ்ஸில் அடிபட்டுத் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் இறந்தார், கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, போதையும் ஒரு முக்கியக் காரணம் என்றது. 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தீவு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. எனக்கும்தான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் தனி விதி. அங்கே அபராதத்தின் உச்சவரம்பும் ஒன்றரை மடங்கு.

ஒன்றைக் கவனியுங்கள். அதே வட்டாரத்தில், அதே ஞாயிற்றுக்கிழமை, உரிமம் பெற்ற உணவகத்துக்குள் உட்கார்ந்து தாராளமாகக் குடிக்கலாம். அப்படியென்றால் அங்கே தடை செய்யப்பட்டது குடியா? நாற்காலிக்குக் காசு கொடுப்பவன் குடிக்கலாம், புல்லில் உட்காருபவன் குடிக்கக்கூடாது என்பதற்கு வேறென்ன பொருள்? ஒரு கேனின் விலைக்கும் உணவகத்தில் அதே பீரின் விலைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு ஒன்றுமில்லை. மாதச் சம்பளத்தை வெள்ளி வெள்ளியாக எண்ணி ஊருக்கு அனுப்புகிறவருக்கு அது பெரிசு.

ஓர் இரவில் சில நூறு பேர் செய்ததற்கு, அன்றைக்கு இங்கே வந்தே இராத ஒருவர் இன்றுவரை ஒவ்வொரு வார இறுதியிலும் விலை கொடுக்கிறார். பிறகு கோவிட் வந்தது. விடுதிகள் பூட்டப்பட்டன. நாங்களெல்லாம் வெளியே சுற்றத் தொடங்கி வெகுநாள் ஆன பிறகும், 2022 ஜூனுக்கு அப்புறம்கூட, ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால் லிட்டில் இந்தியா உட்பட நான்கு இடங்களுக்குப் போக அவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நான் உபினுக்குப் போக வேண்டுமென்றால் படகுக்காரரிடம் காசு கொடுத்தால் போதும்.

இதற்கெல்லாம் நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவர்கள் சொன்னது அதைவிட மோசம். "அவனுங்க வந்தாலே ஞாயித்துக்கிழம தேக்கா பக்கம் போக முடியல லா" என்பதைக் கேட்காத உள்ளூர்த் தமிழ்க் குடும்பம் இருக்கிறதா? அதே தமிழ், அதே நிறம். எங்கே மற்றவர்கள் நம்மையும் அவர்களோடு சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்ற பயம்தான் அந்த அருவருப்பின் அடியில் கிடக்கிறது.

அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் தொல்லையைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். புளோக் அடியில் குப்பை, சத்தம், படிக்கட்டில் வாந்தி. உண்மைதான். அதை அனுபவித்தவர்களின் எரிச்சலை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஈஸ்ட் கோஸ்ட் பார்பிகியூ மேடைகளைத் திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். அங்கே நாம் குப்பைத்தொட்டியும் கழிவறையும் துப்புரவு ஆளும் வைத்தோம், தடை போடவில்லை. கலாட்டா செய்பவனைப் பிடிக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அவனைப் பிடியுங்கள். அவனுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரை ஏன் பிடிக்க வேண்டும்?

இன்னொரு மறுப்பு கனமானது. குடி நம் சமூகத்தை அழித்தது, அதைப்போய்க் கொண்டாடுவதா? அழித்தது, மறுக்கவில்லை. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வலது கையில் கொடுத்த கூலி இடது கையால் திரும்பிப் போனது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டு, போலீசின் அடியையும் வாங்கியது. அந்த மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அவர்கள் யாரை எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையை எதிர்த்தார்கள். தொழிலாளியின் ஓய்வு நேரத்தையும் ஒரு வருமானக் கணக்காக ஆக்கிய ஏற்பாட்டை எதிர்த்தார்கள். நல்ல கூலியையும் மரியாதையையும் கேட்ட அதே வாயால்தான் கடையை மூடு என்றார்கள். நாம் அந்தப் போராட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டதோ வெட்கத்தை மட்டும். தொழிலாளி குடித்தால் அசிங்கம் என்பது ஞாபகம் இருக்கிறது. அவருக்கு வேறு என்ன சந்தோஷத்தை விட்டுவைத்தார்கள் என்ற கேள்வி மறந்துபோனது.

நம் இலக்கியமும் இதே வெட்கத்தில்தான் ஓடுகிறது. இங்கே எழுதப்படும் கதைகளில் குடிக்கும் தொழிலாளி வந்துவிட்டால் அடுத்த பக்கத்தில் மனைவி அடி வாங்குவாள், அல்லது அவர் சாரத்திலிருந்து விழுவார். வெளிநாட்டு ஊழியர் என்றால் நமக்குச் சவப்பெட்டியும் கண்ணீரும்தான். அவருக்காக அழுவதற்கு நமக்கு வாசகர் வட்டம் இருக்கிறது, போட்டி இருக்கிறது, பரிசும் இருக்கிறது. அவர் சிரிப்பதை எழுத ஆளில்லை. நாம் மலையேறினால் அனுபவக் கட்டுரை, அவர் மரத்தடியில் கூடினால் சமூகப் பிரச்சினை. ஒருவரைத் துயரத்தில் மட்டுமே மனிதராகப் பார்ப்பதும் அவரைக் கீழே வைக்கும் வழிதான். அந்த விதியை எழுதியவர்களுக்கும் இந்தக் கதைகளை எழுதுகிறவர்களுக்கும் இந்த இடத்தில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இருவருமே அவர் கையில் ஒரு கேனைப் பார்த்தால் விபரீதம்தான் வரப்போகிறது என்று நினைக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குள்ள 10.30 மணி விதி அவருக்கும் இருக்கட்டும், அதற்கு மேல் தனி விதி வேண்டாம். அந்தத் திடலில் நாலு பெஞ்சும், போதுமான கழிவறையும், குப்பைத்தொட்டியும், கொஞ்சம் நிழலும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா கூட்டத்தைப் பார்த்து மூக்கைப் பிடிக்கும் சித்தப்பாக்களிடம், அடுத்த குடும்ப விருந்தில், "நீங்க கையில வெச்சிருக்கிறது என்னா?" என்று யாராவது கேட்க வேண்டும்.

எழுதுகிற நண்பர்களிடம் ஒன்று. வார விடுப்பில் ஒரே ஊர்க்காரர்கள் இருவர் சந்தித்து, பழைய கதை பேசி, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போகிற ஒரு கதையை எழுதுங்கள். முடிவில் இருவரும் உயிரோடு இருக்கட்டும்.