ஒத்திகை இல்லாத மேடை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

நம் கல்லூரி வளாகத்தில் நாள்தோறும் காதில் விழும் சொற்களுள் ஒன்று 'பபூன்'. வகுப்பில் கேட்ட கேள்விக்கு உளறியவன் பபூன். பொருந்தாத சட்டை அணிந்து வந்தவன் பபூன். மேடையேறிப் பேச்சை மறந்து விழித்தவன் பெரிய பபூன். சொல்பவர்க்கு எளிதான சொல், கேட்பவர்க்கும் சிரிப்பு. நானும் மற்றவர்களோடு சேர்ந்து ஓராண்டுக் காலம் சிரித்திருக்கிறேன். என் தாய்மாமா ஒரு பபூன் என்பதை மட்டும் அந்த ஓராண்டில் எவரிடமும் சொல்லவில்லை.

ஏச்சாகச் சொல்லவில்லை, தொழிலைச் சொல்கிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேடம் கட்டுகிறவர் அவர். வட மாவட்டங்களிலிருந்து வந்து படிக்கும் நண்பர்கள் தெருக்கூத்தின் கட்டியங்காரனை அறிவார்கள். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமையில் எங்களுக்குப் பபூன். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கூத்துக்கு ஜமா இருக்கிறது. சேர்ந்தே பழகிச் சேர்ந்தே ஆடுவார்கள். ஸ்பெஷல் நாடகத்துக்குக் குழுவே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். நடிகர் சங்கத்தின் வழியாகவோ ஏஜெண்டு வழியாகவோ ஒவ்வொருவரும் தனித்தனியே தேதி கொடுத்து, முன்பணம் வாங்கி, தனித்தனியே பஸ் பிடித்து இரவில் வந்து சேர்கிறார்கள். முகத்தில் அரிதாரம் பூசும்போதுதான் சிலருக்கு அறிமுகமே நடக்கிறது. இயக்குநர் இல்லை. ஒத்திகை இல்லை. பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நாடகம் மட்டும் உண்டு.

எப்படி முடிகிறது? கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும் என்பது பாதி விடை. வள்ளி திருமணம், பவளக்கொடி என்று சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதி வைத்துப் போன பாட்டுக்கள் இந்த மேடைக்குப் பொதுச் சொத்து. அந்த எலும்பின் மேல் வசனம் என்ற சதையை அன்றன்றைக்கு அவரவர் வைத்துக் கொள்கிறார்கள். தினைப்புனத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் இன்று பத்து நிமிடத்தில் முடியும். நாளை வேறு ஊரில் வேறு வள்ளியோடு ஒரு மணி நேரம் நீளும். பபூனுக்கோ அந்த எலும்பும் குறைவு. கதை தொடங்குமுன் தனியே வந்து நின்று, பாய் விரித்து உறங்கத் தயாராக இருக்கும் ஊரை எழுப்பி உட்கார வைப்பது அவர் பொறுப்பு.

நான் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தபோது ஒரு பங்குனி மாதம், எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாவில் நடந்ததைச் சொல்கிறேன். மாமா பேசிக் கொண்டிருந்தபோது ஒரு நாய் மேடையேறிவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. விழாக் குழுவினர் இருவர் கம்போடு ஓடி வந்தனர். மாமா கையமர்த்தி அவர்களை நிறுத்தினார். நாயைப் பார்த்துக் கும்பிட்டு, "வாங்க வாங்க! நாம இப்பத்தான் பாக்குறோம். நீங்க எந்தச் சங்கம்? மதுரையா, புதுக்கோட்டையா?" என்றார். நாய் குரைத்தது. மாமா ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, இவருக்கு இன்னும் ஒரு கட்டை வேணுமாம்ணே" என்றார். ஆர்மோனியக்காரர் நொடியும் தாமதியாமல் கட்டையை ஏற்றி வாசித்தார். நாய் மறுபடியும் குரைத்தது. அது சுருதி சேர்ந்தே குரைத்தது என்று சத்தியம் செய்வோர் இன்றைக்கும் அந்த ஊரில் உண்டு. "அட்வான்சு வாங்காம வந்த ஒரே நடிகர் இவருதான்யா, கை தட்டுங்க!" என்று மாமா முடிக்க, கைதட்டல் ஓசையில் நாய் மிரண்டு தானே இறங்கிப் போயிற்று.

"எப்படி மாமா உடனே தோணுச்சு?" என்று மறுநாள் கேட்டேன்.

"எங்க மாப்ளே தோணுச்சு? நாய் ஏறினதும் சனம் அதைப் பாத்துச்சு. சனம் பாக்குற பக்கம் நானும் பாத்தேன். அம்புட்டுத்தான். ஆர்மோனியத்து அண்ணன் கட்டையை ஏத்தலைன்னா எம்பொழப்பு நாறியிருக்கும்."

அந்த விடை எனக்கு அன்று விளங்கவில்லை. முதலாண்டுச் செய்முறைத் தேர்வில்தான் விளங்கியது. முறுக்கு ஊசல் சோதனை எனக்கு விழுந்தது. கணக்கெல்லாம் சரியாக வந்தது. வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர், "இதே ஊசலை நிலாவில் ஆட்டினால் அலைவு நேரம் மாறுமா?" என்று கேட்டார். 'நிலா' என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, என் வாய் ஓடத் தொடங்கிவிட்டது. நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, எனவே அலைவு நேரம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். தனி ஊசலுக்கு அது சரியான விடை. என் கையில் இருந்ததோ முறுக்கு ஊசல். அதை ஆட்டுவது கம்பியின் முறுக்கமே; புவியீர்ப்புக்கு அங்கே வேலை இல்லை. நிலாவிலும் அதே நேரம்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். குறிப்பேட்டில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்வியை நான் கேட்கவே இல்லை. நான் தயாரித்து வைத்திருந்த கேள்வியைத்தான் கேட்டேன்.

நண்பர்களே, முன்தயாரிப்பின்றிப் பேசுவதை நாம் வாய்த்திறமை என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். அது செவித்திறமை என்பது என் கருத்து. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியிலும் இங்கும் நமக்கு வாய் பழக்கப்பட்டிருக்கிறது, கேட்கப் பழகவில்லை. பட்டிமன்றத்தில் எதிரணித் தோழர் பேசும்போது நம்மில் எத்தனை பேர் அவர் பேச்சைக் கேட்கிறோம்? துண்டுச் சீட்டைத்தானே புரட்டிக் கொண்டிருக்கிறோம்!

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய வித்தை அன்று. இத்தாலி நாட்டில் பதினாறாம் நூற்றாண்டில், கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக் கொண்டு முகமூடி நடிகர்கள் மேடையிலேயே வசனம் உண்டாக்கி நடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார், குடியேறிய ஏழைகளின் குழந்தைகளுக்கு விளையாட்டுக்களின் வழியே நடிப்புக் கற்பித்தார். அவற்றைத் தொகுத்து 1963இல் ஒரு நூலும் எழுதினார். அவருடைய மகன் பால் சில்ஸும் தோழர்களும் 1959இல் அதே நகரில் தொடங்கிய 'செகண்ட் சிட்டி' அரங்கு இம்முறை நகைச்சுவைக்குப் பேர் பெற்றது. அவ்வகை நடிகர்களுக்குச் சொல்லித் தரப்படும் முதல் பாடம்: எதிரில் நிற்பவர் சொன்னதை மறுக்காதே, ஏற்றுக்கொண்டு மேலே ஒன்று சேர். நாயையும் சங்கத்தில் சேர்த்துக் கொண்ட என் மாமா இதை எந்த நூலிலும் படித்தவர் அல்லர். நான் படித்துச் சொன்னபோது, "அவுங்களுக்கு ஒத்திகை உண்டா?" என்று கேட்டார். விளையாடிப் பழகுவார்களாம் என்றேன். "அப்ப அவுங்க குடுத்து வச்சவுங்க" என்றார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஸ்பெஷல் நாடகக்காரர்க்குப் பங்குனியும் சித்திரையும் வைகாசியும்தான் அறுவடைக் காலம். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அறுவடை இல்லை. கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வந்தவர்களும் உண்டு. மாமா காய்கறி விற்றார். இரவில், என் இணைய வகுப்புக்காகக் கடன் வாங்கி வாங்கிய கைப்பேசியில் படம் பார்ப்பார். சாப்ளின் படம் என்றால் உறங்க மாட்டார். 'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தில் கண் தெரியாத பூக்காரப் பெண்ணை அவர் முதலில் சந்திக்கும் காட்சி 342 முறை எடுக்கப்பட்டது என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். சாப்ளின் காமிராவை ஓடவிட்டுத்தான் காட்சியை யோசிப்பாராம். மாமா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் அம்புட்டுத் தடவை எடுத்திருப்பேன் மாப்ளே. என்ன, ஒவ்வொண்ணையும் ஒவ்வோர் ஊர்ல எடுத்தேன். அவருக்குப் பிடிக்காததை அவரு வெட்டிப் போட்டுறலாம். நான் நாசம் பண்ணுன ராத்திரி அந்த ஊருக்காரன் மனசுல அப்படியே கெடக்கும்" என்றார். திரைப்படத்தையும் மேடையையும் ஒப்பிட்டு எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கலாம். இதைவிடத் தெளிவாகச் சொன்ன ஒன்றை நான் படித்ததில்லை.

'திருவிளையாடல்' (1965) படத்துத் தருமியைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. பரிசு போய்விடுமே என்று தருமி தனியே புலம்பும் இடத்தில் நாகேஷ் எதிரில் யாரும் இல்லாமலேயே இரண்டு ஆளாகப் பேசுகிறார். ஓர் ஆள் சொல்வதை இன்னோர் ஆள் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்கிறார். அதனால்தான் சிரிப்பு வருகிறது என்பார். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

இதற்கு மறுப்பு உண்டு. எங்கள் தமிழ்ப் பேராசிரியரே அதைச் சொன்னார். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுணவிலாச சபையைத் தொடங்கி, கற்றவர்களை மேடையேற்றி, எழுதிய வசனத்தை முறையாக ஒத்திகை பார்த்து நடித்ததால் அல்லவா தமிழ் நாடகத்துக்கு மரியாதை வந்தது என்றார். உண்மைதான். ஆனால் அம்மரியாதை பெரும்பாலும் நகரத்துச் சபைகளோடு நின்றுவிட்டது. விடிய விடிய மண் தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நாடகம் கொடுத்தவர்கள் மரியாதை இல்லாத இவர்களே.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது; அதை நான் தட்டிக் கழிக்க விரும்பவில்லை. பபூனின் பேச்சில் இரட்டைப் பொருள் மிகுதி. நடன மங்கையோடு வரும் காட்சியில் சில இரவுகளில் அது அருவருப்பின் எல்லையைத் தொடும். சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்நாடகக் கலைஞர்களோடு பழகி ஆராய்ந்து 2005இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'களங்கங்கள்' என்ற சொல் இருக்கிறது. ஆங்கிலத் துறையில் ஒருவர் தம் சொந்தப் படியைத் தந்து உதவ, அகராதி வைத்துக் கொண்டு பாதிக்கு மேல் படித்தேன். அக்களங்கத்தின் பெருஞ்சுமை நடிகைகள் மீது விழுவதை அதில் படித்தபோது மாமா மீது எனக்குக் கோபம் வந்தது. நேரிலேயே கேட்டேன்.

"முன்னால உக்காந்து குடிச்சுட்டுக் கத்துறவன் சத்தம்தான் மேடைக்குக் கேக்குது. பின்னால பொம்பளையாளுக எந்திரிச்சுப் போறது கேக்குறதில்ல. நான் சத்தம் வந்த பக்கம் சாஞ்சுட்டேன். தப்புத்தான் மாப்ளே" என்றார். செவித்திறமை என்று மேலே பெருமையாக எழுதினேன். உரத்த குரலை மட்டும் கேட்கும் செவியும் செவிதானா என்ற கேள்வி எனக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் தன் தவற்றை இவ்வளவு சுருக்கமாக ஒப்புக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் தவற்றைச் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அது இதுதான். அப்பா இறந்த பின் எங்களைத் தாங்கியவர் மாமா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரண்டாவது ஆள், சேர்க்கை நாளன்று உடன் வந்த அவர். விண்ணப்பத்தில் 'பாதுகாவலரின் தொழில்' என்ற இடத்தில் நான் 'விவசாயம்' என்று எழுதினேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. மாமா கையெழுத்திடுமுன் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தார். அந்தச் சொல்லில் விரல் நின்றது. பிறகு நிமிர்ந்து, "எத்தனை ஏக்கரான்னு போடலையா மாப்ளே? ஒரு அஞ்சு ஏக்கரா சேத்துப் போடு, கெடக்கட்டும்" என்றார். மேசைக்கு அப்பால் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமா கையெழுத்துப் போட்டார். ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று மேடையேறிய நாய் நான்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது.

நம் ஆண்டு விழாவில் ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் வந்த வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்லிப் பரிசு வாங்குகிறோம். ஒரு மாற்றம் செய்து பார்த்தால் என்ன? மேடையேறிய பின் தலைப்பைக் கொடுக்கட்டும். இருவர் இருவராக நிற்கட்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் பிடித்துக்கொண்டு போகட்டும். உளறுவோம், அதனால் என்ன? அதற்கு முன் ஓர் அரைமணி நேரம், இதைத் தொழிலாகச் செய்கிற ஒருவர் நம் மேடையில் நிற்கட்டும். பேராசிரியர்களும் மாணவியரும் முன்வரிசையில் இருக்கும் கூட்டம் அவருக்கும் புதிய கூட்டம்தான்.

எழுதிவிட்டு, மாமாவிடம் கேட்காமல் எழுதிவிட்டோமே என்று சென்ற வாரம் ஊருக்குப் போனபோது கேட்டேன். காலேஜ் பிள்ளைகள் முன்னால் நிற்பீர்களா மாமா என்றேன். பணத்தைப் பற்றிக் கேட்பார், அல்லது நேரத்தைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அங்க ஆர்மோனியம் யாரு?" என்றார்.